300 பிளைண்ட் ஸ்டாக், ஃப்ளாப்பில் செட்: ஏற்றுவதா, அடக்கி வாசிப்பதா?

பட்டன்சீட்:
நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர், பிளைண்ட் (சீட்டு பார்க்குமுன் ரெண்டு பேர் வைக்கும் கட்டாயப் பந்தயம்) 1/2, எல்லார் ஸ்டாக்கும், அதாவது முன்னால் இருக்கும் காசு, 600. முதல் சீட் 8க்கு ரெய்ஸ் (ஏற்றுகிறார்), நடுவில் ஒருவர் கால் (அதே தொகையைப் போடுகிறார்), பட்டனில், அதாவது கடைசியாக ஆடும் இடத்தில், நான் ஆட்டின் 7, கிளாவர் 7 வைத்துக் கால். பிளைண்ட் ரெண்டும் ஃபோல்ட் (சீட்டை விட்டாச்சு), பாட் (நடுவில் சேர்ந்த காசு) 27. ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) இஸ்பேட் கிங், இஸ்பேட் 7, டைமன் 4; எனக்கு மூன்று 7, அதாவது செட். முதல் சீட் 18 வைக்கிறார், நடுவில் இருந்தவர் ஃபோல்ட். முதல் சீட் இறுக்கமான ஆள், நல்ல கையோடு மட்டும் ஆடுபவர். கால் போட்டு அடக்கி வாசிக்கலாமா?

ரிவர்கணக்கு:
வேண்டாம், 65க்கு ஏற்றுங்கள். அவர் கால் போட்டால் பாட் 157, உங்களிடம் மிச்சம் 527. டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) 140 வைத்து அவரும் போட்டால் பாட் 437, ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) மிச்சமிருக்கும் 387ம் பாட்டுக்குள்ளேயே அடங்கும். வெறும் கால் போட்டால் பாட் 63, கையில் 574. அதை முழுக்க உள்ளே தள்ள டர்ன், ரிவர் ரெண்டிலும் பாட்டைப்போல 1.7 மடங்கு வைக்கணும். அவரிடம் இருக்கக்கூடிய ஏஸ்-கிங் மாதிரி கை அதற்கு நின்று காசு தராது. ஸ்டாக் ஆழமாக ஆக, பாட்டை ஃப்ளாப்பிலேயே வளர்க்க ஆரம்பிக்கணும்.

கிளாவர்ஒன்பது:
சரி, ஆனால் 65க்கு மேல் அவர் 200 என்று திருப்பி ஏற்றினால்? உங்களை ஜெயிக்கும் கை கிங் செட் ஒன்றுதான், அது அவர் கையில் வர 3 சீட்டுச் சேர்க்கை. 4 செட்டுக்கும் 3. ஏஸ் ஜோடிக்கு 6, ஏஸ்-கிங்குக்கு 12. இறுக்கமான ஆள் ஏஸ்-கிங்கோடு 300 பிளைண்டை உள்ளே வைக்கமாட்டார். ஆல்-இன் (மொத்தக் காசும்) தள்ளினால் ஏஸ் ஜோடியும் ஏஸ்-கிங்கும் ஓடிவிடும், செட் கைகள் மட்டும் நிற்கும். கால் போடுங்கள்: பாட் 427, கையில் 392, டர்னில் தானாகவே உள்ளே போய்விடும். டிராவோடும் (இன்னும் ஒரு சீட்டு வந்தால்தான் முடியும் கை) இப்படி ஏறுகிற ஆள் என்றால் மட்டும் அங்கேயே தள்ளலாம். செட்டை ஃபோல்ட் பண்ணுகிற பேச்சே கிடையாது.

பட்டன்சீட்:
65க்கு அவர் கால் மட்டும் போட்டு, டர்னில் இஸ்பேட் வந்தால்?

ரிவர்கணக்கு:
எந்த இஸ்பேட் என்று பாருங்கள். இஸ்பேட் 4 வந்தால் கொண்டாட்டம்: அவருக்கு ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு), உங்களுக்கு அதை ஜெயிக்கும் ஃபுல் ஹவுஸ் (மூன்று 7ம் ஒரு ஜோடியும்), இருக்கிறதெல்லாம் வாங்கலாம். அதனால் அவருடைய ஃப்ளஷ் டிராவுக்கு உண்மையில் 9 சீட்டு இல்லை, 8தான். டர்னில் விழ சுமார் 18%.

இஸ்பேட் 9 மாதிரி வந்தால் வேகத்தைக் குறையுங்கள். அவர் செக் (காசு வைக்காமல் விடுவது) பண்ணினால் நீங்களும் செக், பாட்டில் பாதி வைத்தால் கால். ரிவரில் ஃபுல் ஹவுஸோ நாலு 7ஓ ஆக 46ல் 10 சீட்டு, கிட்டத்தட்ட 22%. விலை மட்டும் பார்த்தால் பாதி பாட்டுக்கு 25% வேணும். ஆனால் ஏஸ்-கிங், ஏஸ் ஜோடியை இன்னும் ஜெயிக்கிறீர்கள், ரிவரில் வாங்கவும் காசு இருக்கிறது. அங்கே மறுபடி ஏற்றுவதுதான் பலரும் ஸ்டாக்கைத் தொலைக்கிற இடம்.

கிளாவர்ஒன்பது:
நடுவில் இருந்தவரும் 18க்குக் கால் போட்டிருந்தால் 65 போதாது, 90லிருந்து 100.