சங்க ஆய்விதழுக்குக் கல்லூரி நூலகச் சந்தா சேர்ப்பது எப்படி?

கேள்வி:
வரலாற்று ஆய்வுச் சங்கம் ஒன்றின் காலாண்டிதழ். தனிநபர் சந்தா பரவாயில்லை, நூலகங்கள்தான் சேரவில்லை. பிப்ரவரியில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
பிப்ரவரி ரொம்பத் தாமதம். இதழ்ச் சந்தா பெரும்பாலும் ஜனவரி–டிசம்பர் கணக்கு. முந்தைய ஆண்டு இறுதிக்குள் பட்டியல் முடிந்துவிடும். ஆகஸ்டிலேயே துறைத்தலைவருக்கு எழுதி, நூலகருக்கு நகல் போடுங்கள். துறையின் பரிந்துரை கோப்பில் இருந்தால்தான் நூலகக் குழு பார்க்கும். கூடவே மாதிரி இதழ் ஒன்றும் ப்ரொஃபார்மா இன்வாய்ஸும் (பணம் கட்டுமுன் தரும் விலைப்பட்டியல்) வையுங்கள். அதில் ஐஎஸ்எஸ்என் (இதழின் பன்னாட்டு அடையாள எண்), ஆண்டுக்கு எத்தனை இதழ், நிறுவனக் கட்டணம், பான், வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். செயலாளரின் சொந்தக் கணக்கென்றால் அக்கவுண்ட்ஸ் பிரிவிலேயே நின்றுவிடும்.

பதில் 2:
ஏஜென்ட் மூலம் மட்டுமே வாங்கும் கல்லூரிகளும் உண்டு. அந்த ஏஜென்டுக்குக் கழிவு (கமிஷன்) கொடுக்கத் தயாராக இருங்கள். யுஜிசி கேர் பட்டியலை (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல்) சொல்லி விற்காதீர்கள், அதை 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டாயிற்று.

பதில் 3:
‘ஒரே நாடு ஒரே சந்தா இருக்கிறதே’ என்பார்கள் நூலகர்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய அது, அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களை இணையத்தில் தர மத்திய அரசு 30 பதிப்பகங்களோடு செய்த ஏற்பாடு. உங்களைப் போன்ற சிறு சங்கங்களின் இதழ் அதில் கிடைக்காது என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

உண்மையில் சேர்ப்பதைவிடப் புதுப்பிக்க வைப்பதுதான் பாடு. இரண்டு இதழைச் சேர்த்து வெளியிட்டால் அட்டையில் ‘இதழ் 2–3’ என்றே அச்சிடுங்கள். இல்லையென்றால் 3 வரவில்லை என்று நூலகப் பதிவில் ஏறும். பணம் கட்டியும் இதழ் வரவில்லையே என்று தணிக்கையில் கேட்பார்கள். அடுத்த ஆண்டு நூலகர் உங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்.