புதுப்பிப்பு: கதைப் புத்தகங்களை வகை பிரித்து அடுக்கிவிட்டோம்

கிளிநொச்சிப் பக்கத்தில் உள்ள எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் நாவல், சிறுகதை எல்லாம் ஆசிரியர் பெயர் வரிசையில் இருக்கின்றன, வகைவாரியாக மாற்றலாமா என்று போன தவணை கேட்டிருந்தேன். மாற்றிவிட்டோம்.

வரலாறு, துப்பறிதல், பேய்க்கதை, விஞ்ஞானக் கதை, குடும்பம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நூலகங்களில் பொருள்வாரியாகப் புத்தகங்களைப் பிரிக்கும் டூயி முறையில் தமிழ்ப் புனைகதைக்கான எண் 894.8113 அப்படியே இருக்கிறது. புத்தக முதுகில் நிறத்துண்டு மட்டும் கூடுதல். பதிவேட்டிலும் அந்த நிறத்தைக் குறித்து வையுங்கள், திரும்பி வரும் புத்தகத்தை எங்கே வைப்பதென்று பிள்ளைகள் திண்டாட மாட்டார்கள். வன்னி வெயிலுக்கு ஸ்டிக்கர் சுருண்டு கழன்றுவிடும். மேலே அகலமான செலோடேப்பை இரண்டு அட்டைக்கும் மடித்து ஒட்டிய பிறகுதான் நிற்கிறது.

பெரிய வாக்குவாதம் பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவலுக்குத்தான். 1973 இல் வந்தது, வன்னியில் உள்ள தண்ணிமுறிப்பில் நடக்கும் கதை. குடும்பத் தட்டில் வைக்கப் போனபோது, "அது எங்கட பக்கத்துக் கதை டீச்சர், தனியா வைப்பம்" என்றாள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. சரி, வன்னிக் கதைகளுக்கென்றே ஒரு தட்டு, வாசலுக்கு நேரே. எனக்கு மிகவும் பிடித்த தட்டு அதுதான். ஆனால் இன்னும் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கிறது.

அப்புறம், துப்பறியும் தட்டு இடைவேளைக்குள்ளேயே காலியாகிவிடுகிறது. அதற்குப் புத்தகம் தேடிக்கொள்வோம். வன்னியைக் களமாகக் கொண்ட பழைய நாவல்கள் யாரிடமாவது இரண்டு பிரதி இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.