நடு ஏ தாண்டினால் கிளாரினெட் கீச்சிடுகிறது, உதவுங்கள்

மீண்டும்_ஊதுகிறேன்
பள்ளி பேண்டில் வாசித்தவன். 22 ஆண்டுகள் கழித்துப் பெட்டியைத் திறந்து, இரண்டு மாதமாக நானாகவே பழகுகிறேன். நடு ஏ (A) ஸ்வரம் வரை வருகிறது. அடுத்த பி-க்குப் போனால் கீச்சென்று கத்துகிறது, இல்லையென்றால் வெறும் காற்று. ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) மாற்றியும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளில் வாசிக்க வேண்டும். அவசரம்.

காவிரிக்கரை
என்ன ரீட், எந்த எண்? கருவி மரமா, பிளாஸ்டிக்கா? விரலால் அழுத்தும் கீ எத்தனை, துளையைச் சுற்றிய வளையம் எத்தனை? கீழ் ஈ சுத்தமாக வருகிறதா?

நாதப்பித்தன்
ரீட்தான், சந்தேகமே இல்லை. 3-ஆம் எண் போட்டிருப்பீர்கள், அந்தக் கெட்டியை இரண்டு மாத உதடு தாங்காது. 2-க்கு இறங்குங்கள். நாகஸ்வரச் சீவாளியை நனைப்பதுபோல ரீட்டையும் வாயில் வைத்து நனையுங்கள். நுனி அலை அலையாக நெளிந்திருந்தால் நெளிவு போகும்வரை ஊதாதீர்கள்.

தவில்வீட்டுப்பிள்ளை
எனக்கு உதட்டின் மேல்தான் சந்தேகம். பயத்தில் கடிக்கிறீர்கள். கீழுதடு மெத்தைபோல இருக்க வேண்டும், கவ்வக் கூடாது.

சுருதிசுத்தம்
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. குரு இல்லாமல் காற்று வாத்தியத்தைத் தொட்டால் இப்படித்தான். முதலில் ஆறு மாதம் நீண்ட ஸ்வரம் ஊதிவிட்டு வாருங்கள்.

காவிரிக்கரை
அவர் பள்ளியில் கற்றவர், ஐயா. கேட்டதற்கு விடை வரட்டும்.

மீண்டும்_ஊதுகிறேன்
மரம். ரீட் 2.5, புதியது. 17 கீ, 6 வளையம். கீழ் ஈ இருமல்போல வரும். அது பெரிய விஷயம் என்று நினைக்கவில்லை, அதனால் எழுதவில்லை.

காவிரிக்கரை
அதுதான் விஷயம். புல்லாங்குழலில் அழுத்தி ஊதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரும். கிளாரினெட் அப்படியல்ல. கீழே ச ஊதும் விரலமைப்போடு ஸ்தாயி மாற்றும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் மேல் ஸ்தாயி ப வரும். உங்கள் நடு பி, கீழ் ஈ-யின் விரலமைப்புத்தான். எல்லாத் துளையும் மூடியிருக்க வேண்டிய ஸ்வரம். எங்கோ காற்று கசிகிறது. ஈ சரியானால் பி தானாக வரும்.

கருவியின் மேல், கீழ்த் துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு நெம்பு மற்றொன்றின் மேல் படியும், பிரிட்ஜ் கீ. அது நேராக இருக்கிறதா பாருங்கள். துண்டைச் சற்றே கோணலாகத் திருகியிருந்தாலும் கீழ்ப் பேட் (துளையை மூடும் மெத்தை) முழுதாக மூடாது. பிறகு சிகரெட் தாளைக் கீற்றாக வெட்டிப் பேடுக்கு அடியில் வைத்து, மெல்ல மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே பிடிப்பு வேண்டும். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் கசிகிறது.

தவில்வீட்டுப்பிள்ளை
17 கீ என்றால் கீ அமைப்பில் போம் முறை. நம் இசைக்கு ஆல்பர்ட் முறைதான். துளை விரலுக்கு நேராகக் கிடைக்கும், கமகம் வழிந்து வரும்.

நாதப்பித்தன்
வளையம் கமகத்தைத் தடுக்காது. பாதி கமகம் உதட்டில் இருக்கிறது.

தவில்வீட்டுப்பிள்ளை
உதட்டில் நிஷாதத்தை வளைக்கலாம், தோடியின் காந்தாரத்தை விரல் இல்லாமல் அசைத்துக் காட்டுங்கள்.

சுருதிசுத்தம்
ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டுக்காக 2022-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். கருவியின் கீயை எண்ணிக்கொண்டிருந்தால் இசை வராது.

நாதப்பித்தன்
கேட்டிருக்கிறோம். அவர் வாசிப்பில் நாகஸ்வரத்தின் நடை இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. கேள்வி வேறு.

மீண்டும்_ஊதுகிறேன்
பிரிட்ஜ் கீ ஒரு நூல் அளவு விலகியிருந்தது. நேராக்கினேன். கீழ் ஈ முழுசாக வந்தது. அந்த ஒலியைப் பள்ளி மைதானத்தில் கேட்டதோடு சரி. பி பத்துக்கு ஏழு முறை வருகிறது. ஒரு பேடில் மட்டும் தாள் வழுக்குகிறது. நன்றி.

காவிரிக்கரை
எந்தப் பேட்? தோல் கிழிந்திருக்கிறதா, கெட்டித்துப் போயிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்க்கலாம், சொல்லுங்கள்.