ரிஸ்பெரிடோனை நிறுத்திவிட்டு மெத்தில்ஃபெனிடேட் தொடங்கிய அந்த மூன்றாம் நாள்

கடலூர் அம்மா:

இந்த இரண்டு மாத்திரையையும் நம் குழுவில் பலருக்குத் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டிசம், கூடவே ஏ.டி.ஹெச்.டி. (கவனக் குறைவு, அதீதத் துறுதுறுப்பு). கையைக் கடித்துக்கொள்வான் என்பதால் ஒன்றரை வருடமாக இரவில் ரிஸ்பெரிடோன் என்ற ஆத்திரத்தை அடக்கும் மனநல மாத்திரை. எடை ஏறிக்கொண்டே போனது, மார்பும் லேசாக வீங்கியது. பயந்துபோய் நாங்களே நிறுத்திவிட்டோம். இரண்டு நாளில் வேறு டாக்டரிடம் போனோம். வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறான் என்று மட்டும் சொன்னேன். ஏ.டி.ஹெச்.டி.க்கான மெத்தில்ஃபெனிடேட் எழுதிக் கொடுத்தார்.

அதைத் தொடங்கி மூன்றாம் நாள் காலை, பல் தேய்க்கக் கூப்பிட்டால் வரவில்லை. போய்ப் பார்க்கிறேன், கழுத்து இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. கண் இரண்டும் மேலே சொருகிவிட்டன, நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது. வலிப்பு என்று நினைத்து மாமியார் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். ஆனால் பிள்ளைக்கு நினைவு இருந்தது. நான் பேசப் பேச என்னைப் பார்க்க முயன்றான். கண் கீழே இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலும் முதலில் வலிப்பு என்றுதான் ஓடினார்கள். வயதான நர்ஸ் ஒருவர்தான், “மாத்திரை எதையாவது மாத்தினீங்களாம்மா?” என்று கேட்டார். புரோமெத்தசின் ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் கழுத்து தளர்ந்தது. கண் இறங்கியதும் அவன் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தான். டிஸ்டோனியா, அதாவது தசை தானாக முறுக்கி இழுப்பது, என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

பழைய மாத்திரையைப் பற்றிப் புது டாக்டரிடம் நான் வாயே திறக்கவில்லை. நாங்களாக நிறுத்தியதற்குத் திட்டுவாரோ என்று பயம். மூன்று வருடமாகியும் அது என்னை விடவில்லை.

இரவுப் பேருந்து:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. வயது 34, பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்), பெரியவனான பிறகு தெரியவந்த ஏ.டி.ஹெச்.டி. பைபோலாருக்கான அரிப்பிப்ரசோல் அளவைக் கூட்டினார்கள். பத்து நாளில் ஒரே தவிப்பு. ஏ.டி.ஹெச்.டி. முற்றிவிட்டது என்று நானே டாக்டரிடம் சொன்னேன், மெத்தில்ஃபெனிடேட்டும் கூடியது.

அந்த வாரம் கிளாம்பாக்கத்திலிருந்து நாகர்கோவில் பேருந்து. விழுப்புரம் தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் டீ குடிக்கிறார்கள், நான் பேருந்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கிளம்பிய பிறகும் இருக்கையில் ஒரு நிமிடம் தங்கவில்லை. திருச்சி வரை இருக்கைகளுக்கு நடுவே நின்று கால் மாற்றி மிதித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் எதுவும் கேட்காமல் கதவோரத் தன் இருக்கையைக் காலி செய்து, “வேணும்போது உக்காருங்க, வேணும்போது எந்திரிங்க” என்றார். அழுதுவிட்டேன்.

திரும்பி வந்ததும் டாக்டர் கேட்டார்: “ஓடுறது மனசா, காலா?” கால்தான். சின்ன வயதில் எனக்கு உட்காரப் பிடிக்காது. அன்று உட்கார முடியவில்லை. அகத்தீசியா, மருந்தால் வரும் உடல் தவிப்பு என்றார். அரிப்பிப்ரசோலைக் குறைத்து, புரோப்ரனலால் சேர்த்தார். அரிப்பிப்ரசோல் உடம்பில் பாதியாகக் குறையவே மூன்று நாளுக்கு மேல் ஆகும், அதனால் தவிப்பு அடங்க வாரக்கணக்கில் ஆனது.

நேர்ப்பேச்சு:

இரண்டையும் படித்துவிட்டு மனம் கொதிக்கிறது. ஒரு மருந்து மூளையில் செய்தி கடத்தும் டோபமினைக் கூட்டுகிறது, இன்னொன்று அதே டோபமினைத் தடுக்கிறது. கிணற்றிலிருந்து இறைத்துக்கொண்டே வாய்க்காலை அடைப்பது என்ன வைத்தியம்? என் தங்கை மகளுக்கும் இரண்டும் சேர்த்துக் கொடுத்தார்கள், பிள்ளை இரண்டு மாதம் சிரிக்கவே இல்லை. எல்லாவற்றையும் நிறுத்துங்கள். விளையாட விடுங்கள், இரவில் செல்போனைப் பிடுங்குங்கள், சர்க்கரையைக் குறையுங்கள், காலையில் வெயில் படட்டும். ஆறு மாதம் பொறுமையாக இருங்கள். கடலூர் சகோதரி, நீங்கள் மாத்திரையை நிறுத்தியது சரிதான், இன்னொன்றைத் தொடங்கியதுதான் தவறு.

மதுரை மருந்தாளுநர்:

நேர்ப்பேச்சு அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் “எல்லாவற்றையும் நிறுத்துங்கள்” என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்தக் குழந்தைக்குக் கழுத்து முறுக்கியதே நிறுத்தியதில்தான் ஆரம்பித்தது.

ரிஸ்பெரிடோன் டோபமின் உட்காரும் இடத்தை மாதக்கணக்கில் மூடி வைக்கிறது. அந்த இடம் கூர்மையாகிவிடுகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விளக்கம். ஒரே நாளில் மூடியைத் திறந்து, கூடவே டோபமினைக் கூட்டும் மருந்தையும் கொடுத்தால் தசை தாறுமாறாக இழுக்கலாம். இந்த இரண்டும் சேரும்போது எதன் அளவை மாற்றினாலும் இப்படி வரலாம் என்று ரிஸ்பெரிடோனின் அமெரிக்கத் தகவல் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆக, அளவு மாறும் நாட்களில்தான் கண்ணை எடுக்கக்கூடாது.

சேர்த்துக் கொடுப்பதே முட்டாள்தனம் என்பதும் சரியில்லை. 2014-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. ஏ.டி.ஹெச்.டி.யோடு கடுமையான ஆத்திரமும் உள்ள 168 குழந்தைகள், 6 முதல் 12 வயது. எல்லோருக்கும் ஏ.டி.ஹெச்.டி. மருந்தும் பெற்றோருக்குப் பயிற்சியும். அதற்கு மேல் பாதிப் பேருக்கு ரிஸ்பெரிடோன், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ரிஸ்பெரிடோன் சேர்ந்தவர்களுக்கு ஆத்திரம் ஓரளவு கூடுதலாகக் குறைந்தது. அதிசயம் ஒன்றும் இல்லை, பலன் இல்லாமலும் இல்லை.

நான் பார்த்தது ஒன்று. ஒரு அப்பா மாதாமாதம் எங்கள் கடையில் ரிஸ்பெரிடோன் மட்டும் வாங்குவார். மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ், அதாவது கடும் கட்டுப்பாடுள்ள மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் நிறையக் கடைகளில் இருப்பதில்லை, அவர் அதை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்வார். ஒருநாள் வேறொரு டாக்டர் எழுதிய ஃப்ளுவாக்செட்டின் (மனச்சோர்வு, பதற்றத்துக்கான மாத்திரை) சீட்டோடு வந்தார். பையன் வாயோரம் எச்சில் வழிய, கை கொஞ்சமும் வீசாமல் நடந்து வந்தான். அந்த நடையைப் பார்த்துத்தான், “வேற என்ன மாத்திரை ஓடுதுண்ணே?” என்று கேட்டேன். இரண்டு வாரமாகவே ஃப்ளுவாக்செட்டின் போகிறது, மெத்தில்ஃபெனிடேட்டும் இருக்கிறது. ஃப்ளுவாக்செட்டின் கல்லீரலில் ரிஸ்பெரிடோனைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, அதன் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். மூன்று சீட்டையும் ஒன்றாகப் பார்த்தவர் அதுவரை யாருமே இல்லை. அன்றே மனநல டாக்டரிடம் அனுப்பினேன்.

எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதிப் பையில் வையுங்கள். நிறுத்தியதையும் நிறுத்திய தேதியோடு எழுதுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் இதே டோபமினைத் தடுப்பதுதான், அதையும் எழுதுங்கள். கழுத்தோ கண்ணோ இழுத்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய், மாத்திரை மாறியதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

தம்பியின் அக்கா, டொராண்டோ:

மருந்து இல்லாமல் முடியும் என்பவர்களுக்கும், மருந்தால் ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தம்பி பரீட்சைக்காக நண்பனின் அடெரால் மாத்திரையை எடுத்தான், ஏ.டி.ஹெச்.டி.க்குக் கொடுக்கும் ஆம்ஃபெட்டமின் வகை ஊக்கி அது. சீட்டு இல்லை, கணக்கும் இல்லை. நாலு நாள் தூக்கமில்லை. வீட்டுக்குப் போனால் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லேப்டாப் கேமராவில், டிவியின் சிவப்பு விளக்கில், வாசல் கதவின் பார்வைத் துளையில் ஒட்டி வைத்திருக்கிறான். “அக்கா, மெதுவாப் பேசு” என்றான்.

மருத்துவமனையில் ஓலான்சபின் என்ற மனநல மருந்து கொடுத்தார்கள், அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. பிறகு அவனுக்கு உண்மையிலேயே ஏ.டி.ஹெச்.டி. இருப்பது தெரிந்தது. ஊக்கி மருந்து இப்போது வேண்டாம் என்று ஊக்கி அல்லாத அட்டோமோக்செட்டின் கொடுத்திருக்கிறார்கள். 2019-இல் வந்த பெரிய ஆய்வொன்றில், 13 முதல் 25 வயதுக்காரர்களில், டாக்டர் எழுதிக்கொடுத்தே சாப்பிட்டவர்களில், மெத்தில்ஃபெனிடேட் எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் ஆம்ஃபெட்டமின் எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு இருவருக்கும் சைகோசிஸ் (தம்பிக்கு வந்ததைப் போன்ற மனப்பிறழ்வு) வந்தது. குறைவுதான். அந்தக் கதவில் பொட்டின் பிசின் இன்னும் இருக்கிறது, நான் துடைக்கவில்லை.

நேர்ப்பேச்சு:

மருந்தாளுநர் சொன்னதால் அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். தங்கை மகளுக்கு மூன்று சீட்டு இருக்கிறதா என்று இன்று கேட்கிறேன்.

கடலூர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இரவுப் பேருந்து தம்பி, அந்தக் கண்டக்டர் நன்றாக இருக்கட்டும்.

மகனுக்கு இப்போது பன்னிரண்டு. அன்றைக்குப் பிறகு ரிஸ்பெரிடோனைத் திரும்பக் கொடுத்து, இரண்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். மெத்தில்ஃபெனிடேட்டை வெகுநாள் கழித்துக் குறைந்த அளவில் தொடங்கினோம், ஒத்துக்கொண்டது. ஆனாலும் தினமும் காலை மாத்திரைக்கு அப்புறம், “அம்மாவைப் பாரு” என்று சொல்லாமல் என்னால் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை. ஷூ போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, “பாத்துட்டேன்மா” என்கிறான்.