ஃபிடுசியா: விசுவாசமும் ஆகாது, நம்பிக்கையும் ஆகாது என்றால்?

குருத்து எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். இறையியல் தொடக்கப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்பியாக வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு சொல்லைத் தவிர.

விசுவாசத்தை மூன்று கூறாகப் பார்ப்பது சீர்திருத்தச் சபை இறையியலில் வழக்கம்: நோட்டிட்டியா, அசென்சுஸ், ஃபிடுசியா. மூன்றும் லத்தீன் சொற்கள். முதலாவதற்கு 'அறிவு', இரண்டாவதற்கு 'இசைவு' என்று போட்டுவிட்டேன். மூன்றாவதுதான் சிக்கல். கடவுளைப் பற்றித் தெரிந்துகொண்டு, அது சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு, தன்னையே அவர் கையில் விட்டுவிடுவது. 1563இல் வந்த, அந்தச் சபைகளின் போதனை நூலான ஹைடல்பர்க் வினாவிடையின் 21ஆம் கேள்வியும் இதைத்தான் சொல்கிறது: மெய்யான விசுவாசம் அறிவோடு நிற்பதில்லை, உறுதியான ஒரு ஃபிடுசியாவும் அதில் இருக்கிறது என்று.

'நம்பிக்கை' என்று போட்டு வகுப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். குழம்பிவிட்டார்கள். 1871இல் வந்த பவர் மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஒரு வேதாகமத்தில் இரண்டாவதாக நிற்கும் சொல் மற்றதில் முதலாவதாக நிற்கிறது! வகுப்பில் பாதிப்பேர் கையில் அது, மீதிப்பேர் கையில் இது. உதவுங்கள்.

சுவடி எழுதியது:

தம்பி, 'நம்பிக்கை'யைக் கைவிட்டது நல்லதே. தொல்காப்பிய உரியியலைப் பாருங்கள்: 'நம்பும் மேவும் நசையா கும்மே'. நம்பு என்றால் ஆசை. பழைய பொருள் அதுதான். 'விசுவாசம்' வடசொல். வி என்ற முன்னொட்டும் சுவாசமும் சேர்ந்தது. அச்சமில்லாமல் மூச்சுவிடுதல் என்பது அடிப்பொருள். பொருள் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்முடையதல்ல. இன்றைக்கு அது எஜமான விசுவாசமாக வேறு ஆகிவிட்டது. வாலாட்டுகிற பிராணிக்குத்தான் பெரும்பாலும் சொல்கிறோம்.

வள்ளுவர் இருக்கும்போது நாம் ஏன் அலைய வேண்டும்? தெரிந்து தெளிதல் அதிகாரம்: 'தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்'. தேர்தல், அதன்பின் தேறுதல். உங்கள் அறிவு, இசைவு, ஃபிடுசியா என்ற வரிசையே அதில் கிடக்கிறது. யோவான் 14இல் பரிசுத்த ஆவியைத் 'தேற்றரவாளன்' என்று பவர் மொழிபெயர்ப்பு சொல்வதும் இதே வேரில்தான். எனவே என் பரிந்துரை: தேற்றம். மாற்றாக, தேறல்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

சுவடி ஐயா, 'தேற்றம்' எங்கள் வீட்டுச் சொத்து. இறையியல் மாணவன் 'கடவுள்மேல் தேற்றம்' என்று படித்ததும் பிதாகரஸ் வந்து முன்னால் நிற்பார். அதோடு, நிரூபித்து முடித்ததைத்தான் நாங்கள் தேற்றம் என்கிறோம். நிரூபணம் கைக்கு வருமுன்பே காலெடுத்து வைப்பது அல்லவா நீங்கள் சொல்லும் விஷயம்? எங்கள் பக்கம் அதற்குக் கிட்டத்தட்ட 'எடுகோள்'தான். அதைப் போட்டால் ஆயர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

'தேறல்' பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சங்கப் பாட்டில் அது தெளிந்த கள்.

சுவடி எழுதியது:

கள் என்பதால் சொல் கெட்டுவிடுமா? தெளிதல்தான் பொருள். வண்டல் அடியில் தங்கி மேலே தெளிந்தது தேறல். ஐயம் அடியில் தங்கிய மனமும் அப்படித்தான்.

தேனீ எழுதியது:

ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் 'பிள்ளைகளே, கர்த்தர்மேல் தேறல் வையுங்கள்' என்று யார் போய்ச் சொல்வது? 'சார்தல்' என்றால் என்ன? நீதிமொழிகள் 3:5இல் 'உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்' என்று வருகிறதே. எதன்மேல் சாய்கிறோம் என்பதுதானே கேள்வி. இல்லாவிட்டால் 'பற்று'. 'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்று சுவடி ஐயாவின் வள்ளுவரே சொல்லியிருக்கிறார். (கணினியிடம் ஆங்கிலத்தில் 'trust' என்று கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன். 'அறக்கட்டளை' என்றது. அதை விட்டுவிடுவோம்.)

கணக்கு வாத்தியார் எழுதியது:

'சார்பு' என்றாலும் எங்களிடம்தான் வருவீர்கள், அம்மா. சார்பு, சார்பகம், வீச்சகம் எல்லாம் பத்தாம் வகுப்பிலேயே வந்துவிடும்.

மேய்ப்பன் எழுதியது:

நான் இலக்கணம் அறியாதவன். சபை ஊழியத்தில் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் சபையில் ஒரு அம்மா. கணவருக்குப் புற்றுநோய். எல்லாரும் ஜெபித்தோம். அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்த வாரமே ஒருவர் அந்த அம்மாவிடம், 'விசுவாசம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும்' என்று சொல்லிவிட்டார். இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதி இதுதான் என்று எனக்குத் தோன்றும். பாட்டிலில் ஊற்றி அளக்கிற மருந்துபோல ஆகிவிட்டது: இவ்வளவு ஊற்றினால் இவ்வளவு கிடைக்கும்.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மேசையில் வேதாகமம் விரித்திருந்தது. யோபு 13:15க்குக் கீழே பென்சில் கோடு: 'அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்'. கோடு நேராக இல்லை, நடுவில் ஓரிடத்தில் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுந்தியிருந்தது. 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டேன். 'அவரை நம்பித்தான் இருக்கிறேன் ஐயா. நம்பி எதையும் கேட்கிறதுதான் இல்லை' என்றார்.

யாக்கோபு 2:19இல் பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. ஆக, கடவுள் உண்டு என்று ஒப்புக்கொள்வது பிசாசுக்கும் முடிகிறது. அந்த அம்மா செய்தது அதற்கு அப்பால் உள்ளது. தானியேல் 3இல் ராஜாவின் சிலையை வணங்க மறுத்த அந்த மூன்றுபேர் சூளைக்கு முன் நின்றுகொண்டு, 'விடுவிக்காமற்போனாலும்' என்கிறார்களே, அது. குருத்து தேடுகிற சொல் இதற்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

சுவடி எழுதியது:

மனம் கனத்துவிட்டது, போதகர் ஐயா. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யோபுவின் அந்த வசனத்தில் எபிரேய மூலம் இரண்டுபட்டது. 'லோ' என்று ஒலிக்கும் சொல்லை எழுதியிருக்கிறபடி எடுத்தால் 'இல்லை' என்று பொருள். வாசிக்கிற மரபுப்படி எடுத்தால் 'அவருக்காக'. முதலாவதன்படி யோபு 'எனக்கு எதிர்பார்ப்பே இல்லை' என்கிறார்.

மேய்ப்பன் எழுதியது:

அந்த அம்மா இரண்டையும் சேர்த்தேதான் சொன்னார் ஐயா.

குருத்து எழுதியது:

போதகர் ஐயாவின் மடலை நாலைந்து தடவை படித்தேன். அந்த அம்மாவின் வாக்கியத்திலேயே விடை இருப்பதாகப் படுகிறது.

'கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன்' என்பது இசைவு. 'என்று' வந்தால் அங்கே ஒரு கருத்து இருக்கிறது, அதற்கு நான் தலையாட்டுகிறேன். 'கடவுளை நம்புகிறேன்' என்பதில் இரண்டாம் வேற்றுமை வந்து ஆள் உள்ளே வந்துவிடுகிறார். 'கடவுளை நம்பி இருக்கிறேன்' என்றால்? 'நம்பி' வினையெச்சம், அடுத்து ஒரு வினை இல்லாமல் நிற்காது. உங்களை நம்பித்தான் வந்தேன், உங்களை நம்பித்தான் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறோம். நம்பிய பிறகு ஏதோ ஒன்றைச் செய்தாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது. ஃபிடுசியா இதுதானே? பெயர்ச்சொல்லைத் தேடித்தேடி வினையெச்சத்தை விட்டுவிட்டோம்.

எனவே: நம்பியிருத்தல். எந்த வேதாகமத்தை வைத்திருப்பவருக்கும் குழம்பாது என்று நினைக்கிறேன்.

தேனீ எழுதியது:

எனக்குச் சரி. இதை யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

எங்கள் பாடத்தில் இந்தச் சொல் இல்லை. ஆட்சேபம் இல்லை.

சுவடி எழுதியது:

இது கலைச்சொல் அல்ல, பேச்சு. ஒருவர் எதிர்ப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயரடை வேண்டும்போது என்ன செய்வீர்கள்? 'நம்பியிருத்தலான ஜெபம்' என்பீர்களா? 'தேறிய ஜெபம்' எவ்வளவு நறுக்கென்று இருக்கிறது பாருங்கள்.

தேனீ எழுதியது:

பரீட்சையில் தேறிய ஜெபமா ஐயா?

குருத்து எழுதியது:

சொற்பட்டியலை இப்போதுதான் அனுப்பினேன். 'நம்பியிருத்தல்' மேலே, சுவடி ஐயாவின் 'தேற்றம்' அடிக்குறிப்பில், குறளோடு. 'தேறல்' சேர்க்கவில்லை, மன்னிக்கவும். பெயரடைக் கேள்விக்கு இன்னும் வழி தெரியவில்லை. ஏழாம் பாடத்தில் அது இரண்டு இடத்தில் வருகிறது. யாருக்காவது ஏதாவது தோன்றினால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்.