சிடி ரிப் (பாட்டைக் கணினியில் ஃபைலாக எடுத்து வைப்பது) செய்த அனுபவங்கள்: உங்களுக்கு எங்கே சறுக்கியது?

அப்பா சேர்த்து வைத்த கச்சேரி சிடிகள் நூற்றுச் சொச்சம். 2005-இல் ஹார்ட் டிஸ்க் வாங்குவதென்றால் யானை வாங்குகிற மாதிரி. அதனால் எல்லாவற்றையும் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக்கினேன், இடத்தை மிச்சம் பிடிக்கச் சத்தத்தில் கொஞ்சம் கழித்துவிடும் வடிவம் அது. இனி இது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று பாதி சிடிகளைச் சொந்தக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஹெட்போன் மாட்டிக் கேட்ட அப்பா, "ஆலாபனை முடிஞ்சு கீர்த்தனை ஆரம்பிக்கிற இடத்துல யாரோ கதவைச் சாத்துற மாதிரி இருக்குடா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் காது சரிதான். அந்த சிடிகளில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக். நடுவில் இடைவெளி கிடையாது, தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் வாலிலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்கிறது. பாட்டுக்குப் பாட்டு நிற்கிற சினிமா சிடியில் இது உறைக்காது. தம்புரா அறுந்தால் உறைக்கும்.

போன மாதம் மிச்சமிருந்த சிடிகளோடு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை ரிப் செய்ய எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள், சேமிக்க ஃபிளாக் என்ற ஃபைல் வடிவம். சிடியில் இருப்பது 1411 கேபிபிஎஸ். ஃபிளாக் ஒரு பிட்டையும் விடாமல் அதை ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கிவிடுகிறது. ஒரு மணி நேரக் கச்சேரிக்கு 300 எம்பி சொச்சம். அந்த மென்பொருள் செக்யூர் மோடில் ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு தடவை படித்து ஒப்பிடும், ஒத்துப்போகாவிட்டால் திரும்பத் திரும்பப் படிக்கும். ஒரு சிடியில் நாலாவது டிராக்குக்கு வந்ததும் டிரைவ் மிக்ஸி மாதிரி உறுமியது, விடிய விடிய ஓடியது. வீட்டு பிளேயரில் அதே சிடி சுகமாகப் பாடும். படிக்க முடியாத இடத்தைப் பக்கத்து சத்தத்தை வைத்து ஊகித்து நிரப்பிவிட்டுப் போவது அதன் வழக்கம். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் ஏமாந்தது இங்கேதான்.

* * *

உங்க கதை அப்படின்னா, நான் பண்ண தப்பு சிடியைத் துடைக்கிறதுல. தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுற மாதிரி வட்டமா துடைச்சேன். டிராக் ஓடுற திசையிலேயே கீறல் விழுந்துருச்சு. நடுவுலேர்ந்து விளிம்புக்கு நேரா துடைக்கணுமாம். குறுக்கே விழுற கீறலை சிடியோட பிழைதிருத்தம் சமாளிச்சுடும், டிராக்கோடவே போற நீளக் கீறல்னா கஷ்டம். டூத்பேஸ்ட் வைத்தியமும் பார்த்தேன், ரூம் மணந்தது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, கீழ்ப்பக்கத்தையே பார்த்துட்டு இருக்காதீங்க. அங்க 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவலுக்கு இருக்கு. மேல லேபிள் பக்கம்தான் தோல் மெலிசு. டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ஊசிமுனை மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா அந்த இடத்துல பதிவு போயாச்சு. சின்னதா இருந்தா பிழைதிருத்தம் சமாளிச்சுடும், பெருசா இருந்தா எந்த சாஃப்ட்வேரும் கொண்டு வராது.

* * *

ஆக்யூரேட்ரிப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நீங்கள் எடுத்த ரிப்பும் ஊர் உலகத்தில் மற்றவர்கள் அதே சிடியிலிருந்து எடுத்ததும் ஒன்றுதானா என்று செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்துப் பார்த்துச் சொல்லும். ஆங்கில ஆல்பத்துக்கெல்லாம் பச்சைக்கொடிதான். நம் ஊர் சிடிகளுக்குப் பாதி நேரம் "தகவல் இல்லை" என்று வரும். அப்போது டெஸ்ட் அண்ட் காப்பி போட்டு, அதாவது இரண்டு தடவை படிக்க வைத்து, இரண்டு தடவையும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துக்கொள்வேன். நூற்றுக்கு நூறு இல்லை, ஆனாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

பெயர் விவரம் தனிக்கூத்து. டிராக் நீளங்களை வைத்துத்தான் எந்த சிடி என்று மென்பொருள் இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்கிறது. ஐந்தே டிராக் உள்ள வீணை சிடியைப் போட்டேன், ஏதோ ஜெர்மன் ராக் ஆல்பம் என்றது. கவனிக்காமல் சேவ் செய்துவிட்டேன். காரில் தோடி ஓடுகிறது, திரையில் ஜெர்மன் பெயர். மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். இப்போதெல்லாம் ராகம், தாளம், பக்கவாத்தியம் என்று நானே தமிழில் தட்டச்சு செய்துவிடுகிறேன்.

* * *

என் கதை கொடுமை சார். பிளாட்பாரத்தில் 60 ரூபாய்க்கு வாங்கிய சிடி. ஒரு பிழை இல்லாமல் ரிப் ஆனது. ஸ்பெக்ட்ரம் (எந்தெந்த சுருதியில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படம்) எடுத்துப் பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டினது போல் இருட்டு. எம்பி3 ஆக்கும்போது கழிந்துபோகிற உச்ச சத்தம் அது. எவனோ எம்பி3-யை டவுன்லோட் செய்து அதையே ஆடியோ சிடியாக எழுதி விற்றிருக்கிறான். அதை நான் ஃபிளாக்கில் பத்திரப்படுத்தி இரண்டு இடத்தில் பேக்கப் வேறு வைத்திருக்கிறேன்.

* * *

இழையைத் தொடங்கியவன்தான். கொடுத்த சிடிகளைத் திரும்பக் கேட்டுப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். பதினொன்று வந்துவிட்டன. அப்பாவுக்குப் பிடித்த ஒன்று மட்டும் அத்தை வீட்டுக் கொய்யா மரத்தில் கிளி விரட்டத் தொங்குகிறதாம். "கயிறு கட்ட ஓட்டை கீட்டை போட்டீங்களா அத்தை?" என்று பதறிக்கொண்டு கேட்டேன்.

"எதுக்குடா? அதான் நடுவுல ஏற்கெனவே இருக்கே."