மறு: 'ஷேர்டு பாத்': பகிர்வுப் பாதையா, கூட்டுப்பாதையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் புளோக் (அடுக்குமாடி) குடியிருப்பாளர்களுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கையைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நடப்பவர், சைக்கிள்காரர், மின் ஸ்கூட்டர்காரர் மூவரும் போகிற 'ஷேர்டு பாத்'துக்குத் தமிழ் என்ன என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். நாலு பேர் 'பகிர்வுப் பாதை' என்றீர்கள். நானும் அதைத்தான் எழுதினேன். அப்புறம் அழித்துவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் இங்குள்ள நிலவரம். சிங்கப்பூரில் 'நடைபாதை' என்பது நடக்க மட்டுமான பாதை அல்ல. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் சைக்கிளும் அதில் போகலாம். மின் ஸ்கூட்டர்தான் போகக்கூடாது. 2019 நவம்பர் 5 முதல் தடை. அந்த ஆண்டு செப்டம்பரில் இங்குள்ள பிடோக் வட்டாரத்தில் மின் ஸ்கூட்டரோடு மோதி, சைக்கிளில் போன ஒரு மாது இறந்துபோனார். ஊரே கொதித்திருந்த நேரம் அது. பூங்கா இணைப்புப் பாதைகளும் சைக்கிள் பாதைகளும் இன்னொரு வகை. அங்கே மூவரும் போகலாம், சக்கரத்துக்கு உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். நான் பெயர் தேடுவது இதற்குத்தான். போதாததற்கு 2025 ஜூலை 1 முதல் மூன்றாவதும் வந்திருக்கிறது: சைக்கிள் பாதையை ஒட்டியே ஓடுகிற நடைபாதையில் இனி சைக்கிளும் போகக்கூடாது, நடப்பவருக்கு மட்டும். ஆக, நடைபாதையிலேயே 'நடக்கிற நடைபாதை' என்று ஒன்று பிரிந்திருக்கிறது. சென்னை நண்பர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் ஊரில் நடைபாதை என்றால் கடை.

சரி, 'பகிர்வு'க்கு வருகிறேன். முகநூலில் இறங்கிய பிறகு 'பகிர்' என்றால் எல்லாரோடும் சேர்ந்து அனுபவிப்பது என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சொல்லின் அடியில் இருப்பது பிளத்தல், பங்கு போடுதல். இது அகராதிக்காரன் நுணுக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். வரைவை என் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பகிர்வுன்னா எது என் பக்கம், எது சைக்கிள் பக்கம்? கோடு போட்டிருக்கா?"

கோடு இல்லை என்பதுதான் இந்தப் பாதையின் சாரமே. எல்லாரும் இடது பக்கமாகப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கொரு பாகம் கிடையாது.

இன்னொன்று, 'பகிர்வு' மூவரையும் சமமாக்கிவிடுகிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஸ்கூட்டர் ஒரு நொடியில் ஏறக்குறைய 7 மீட்டர் தாண்டும். நடப்பவர் அதே நொடியில் தாண்டுவது ஒன்றரை மீட்டர் கூட இல்லை. ஸ்கூட்டர் 20 கிலோ வரை இருக்கலாம், அதன்மேல் ஓர் ஆள். 10-இல் வந்து மோதுவதற்கும் 25-இல் வந்து மோதுவதற்கும் அடியின் ஆற்றல் ஆறு மடங்கு வித்தியாசம். இதில் யார் யாருக்குப் பகிர்ந்து கொடுப்பது?

போன சனிக்கிழமை காலை நானே பார்த்தேன். ஈரச் சந்தையிலிருந்து தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு ஒரு பாட்டி போகிறார். பையின் வாயில் பசலைக் கீரை எட்டிப் பார்க்கிறது. பின்னால் சைக்கிள் மணி. பாட்டி வலப்பக்கம் ஒதுங்கினார், சைக்கிள்காரரும் அவரைத் தாண்ட வலப்பக்கம் ஒடித்தார். இருவரும் நின்று முறைத்தார்கள். யாருக்கும் அடி இல்லை, பைதான் கவிழ்ந்தது. மணி அடித்தவர் "நான் வருகிறேன்" என்று சொன்னதாக நினைத்திருப்பார். பாட்டி காதில் விழுந்தது "ஒதுங்கு".

என் முன்மொழிவு: 'கூட்டுப்பாதை'. கூட்டுப் பட்டாவில் நிலம் எல்லாருக்கும் உரியது, ஆனால் பாகம் பிரியவில்லை. அந்தக் 'கூட்டு'தான் இங்கே வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

(பி.கு. மின் ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு 'தனிநபர் நடமாட்டச் சாதனம்' என்பது இங்கே செய்திகளில் ஊறிவிட்ட சொல், அதை நான் தொடப்போவதில்லை. ஆனால் 'நடமாட்டம்' என்றால் இன்னமும் எனக்கு ஊட்டிப் பக்கத்துச் சிறுத்தைதான் நினைவுக்கு வருகிறது.)

– சிங்கப்பூரிலிருந்து

———

> என் முன்மொழிவு: 'கூட்டுப்பாதை'.

ஐயா, வேண்டவே வேண்டாம். எங்கள் வடமாவட்டங்களில் கூட்டுரோடு என்றால் சாலைகள் கூடுமிடம், பஸ் நிற்கும், டீக்கடை இருக்கும். தச்சூர் கூட்டுரோடு போல ஊருக்கு ஒன்று. கூட்டுப்பாதை என்று பலகை வைத்தால் பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

மற்றபடி உங்கள் காரணம் எல்லாம் சரி. 'பொதுப்பாதை' போதாதா?

– திருவண்ணாமலையிலிருந்து

———

வணக்கமுங்க. 'பொதுப்பாதை' என்றால் ரோடும் பொதுப்பாதைதான், லாரியும் போகும். அது தேறாது.

பாதையை விட்டுவிட்டுத் 'தடம்' எடுத்துக்கொண்டால் என்ன? எங்கள் பக்கம் கிரையப் பத்திரத்தில் 'மாமூல் தட பாத்தியம்' என்று எழுதுவார்கள், வழக்கமான தடத்தில் போய்வரும் உரிமை என்று பொருள். ஆள், ஆடு மாடு, வண்டி மூன்றும் ஒரே தடத்தில் காட்டுக்கு, அதாவது விளைநிலத்துக்கு, போகும். நாலு பங்காளிகள் நிலத்தைப் பாகம் பிரித்தாலும் தடத்தைப் பிரிக்க மாட்டார்கள், அது நால்வருக்கும் பொது. சிங்கப்பூர் நண்பர் சொல்வது அப்படியே இதுதான். 'கூட்டுத்தடம்' என்று வைத்துப் பாருங்கள், பஸ் ஸ்டாப் குழப்பமும் போய்விடும்.

அதில் ஒரு நடைமுறையும் உண்டு. தடத்தில் எதிரே ஆள் வந்தால் வண்டிக்காரர்தான் மாட்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். எங்கள் அப்பாரு ஒருமுறை நிறுத்தாமல் ஓட்டி, எதிரே வந்த பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவின் தலையில் இருந்த தீவனக்கட்டு விழுந்து, ஆறு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

– கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து

———

'கூட்டுத்தடம்' எனக்கும் பிடிச்சிருக்கு. பாட்டியின்ர கதைக்கு ஒரு சொல் தாறன்.

நீங்கள் 'ஒதுங்கு' என்று எழுதினால் அது நடக்கிற ஆளுக்குச் சொல்லுற கட்டளை. 'வழிவிடு' என்று ஓட்டுறவருக்கு எழுதலாம், ஆனால் பின்னால் இருந்து வாறவர் எப்படி வழிவிடுறது? அவர் செய்ய வேண்டியது வேறை வேலை. எங்கடை ஊரில் அதுக்கு 'விலத்துதல்' என்று சொல்லுவம். ஒழுங்கைக்குள்ளே, அதாவது ஒடுங்கின சந்துக்குள்ளே, ஆள் போனால் சைக்கிள்காரர் மெதுவாக்கி, இடம் விட்டு, விலத்திப் போவார். முட்டாமல் சுற்றிப் போறதும் முந்திறதும் இரண்டும் அதுக்குள்ளே இருக்கு. 'முந்து' என்றால் போட்டி மாதிரி.

அப்ப, விலத்துற பொறுப்பு சக்கரத்துக்கு. நடக்கிற ஆள் நேராகப் போனால் போதும்.

– யாழ்ப்பாணத்திலிருந்து

———

அக்கா, 'விலத்து' அருமை. மூன்று நாளாக நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. 'கூட்டுத்தடம்' கோபி அண்ணன் கணக்கு. திருவண்ணாமலை நண்பர் காப்பாற்றியிராவிட்டால் என் பலகை அடியில் நாலு பேர் பஸ்ஸுக்கு நின்றிருப்பார்கள்.

ஒரு தயக்கம் இருந்தது. இங்கே 'தடம்' என்றால் பலருக்கு எம்ஆர்டி தடம். ஆனால் ரயில் தடத்தில் யாரும் நடக்கப் போவதில்லை, 'கூட்டு' முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது என்று விட்டுவிட்டேன். 'விலத்தி'தான் இங்கே பாதிப் பேருக்குப் புதிது. அதனால் முதல் இடத்தில் மட்டும் செயலை முழுதாக விரித்து எழுதினேன்:

"இது கூட்டுத்தடம். நடப்பவர், சைக்கிள், மின் ஸ்கூட்டர் எல்லாருக்கும் உரியது. எல்லாரும் இடப்பக்கமாகச் செல்லுங்கள். சக்கரத்தில் வருபவர்களே, முன்னால் ஆள் நடந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு கை தூரமாவது இடம்விட்டு விலத்திச் செல்லுங்கள். மணி அடிப்பது நீங்கள் வருவதைச் சொல்லத்தான், அவரை ஒதுக்க அல்ல. நடப்பவர்களே, மணி கேட்டால் பதறி விலகாதீர்கள், உங்கள் போக்கில் நேராக நடங்கள்."

'ஒரு கை தூரம்' சட்டத்தில் இருப்பது அல்ல, நான் சேர்த்தது. மீட்டர் கணக்கு எழுதினால் யாரும் அளக்கப் போவதில்லை.

மாமியாரிடம் படித்துக் காட்டினேன். இந்த முறை கோடு எங்கே என்று கேட்கவில்லை. "விலத்தின்னா விலகித்தானே, அதை ஏன் தப்பா எழுதியிருக்கே" என்றார். 'விலகி' என்றால் தான் நகர்வது, 'விலத்தி' என்றால் இன்னொருவர்மேல் படாமல் சுற்றிப் போவது என்று விளக்கினேன். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குக் கிளம்பிவிட்டார்.

நடப்பவருக்கு மட்டுமான அந்த மூன்றாவது பாதை இன்னும் பாக்கி. 'தனி நடைபாதை' என்றால் ஆள் துணையில்லாமல் நடக்கிற பாதை போலத் தொனிக்கிறது. 'காலடிப் பாதை' என்று ஒன்று மனதில் ஓடுகிறது, ஒற்றையடிப் பாதையின் சாயல் வந்துவிடுமோ என்று பயம். துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

– சிங்கப்பூரிலிருந்து